உங்கள் எடை என்ன என்று எவரும் கேட்பதில்லை

வழக்கமாக அரசியல் எழுதும் இந்த இடத்தில் இன்று மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க விரும்புவோர் முதலிலேயே சிரித்து முடித்துவிடலாம். ஏனெனில் இந்த விடயத்தில் எமது சமூகம் இதுவரை கண்டுபிடித்திருக்கும் ஒரேயொரு தீர்வு சிரிப்புத்தான். எனது எடை 105 கிலோ. அதை எழுத்தில் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கடந்த மாரி காலத்தில் ஒருநாள் மாலை, பருத்தித்துறை வீதியில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். வேகம் மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டியிராது. வீதியோரமாக மழைவெள்ளம் நிரம்பிய கிடங்கு ஒன்று. முன்சில்லு எப்படியோ தப்பிவிட்டது. பின்சில்லு விழுந்தது. இரும்போடு இரும்பு மோதும் ஓசை கேட்டது. பின்பக்கத்து ஷொக் அப்சோபர் இரண்டும் அமுங்கக்கூடிய எல்லைவரை அமுங்கி, அதற்கு மேல் போக இடமின்றி அடித்து நின்றன. மிகுதி அதிர்ச்சி முழுவதையும் சீற்றும், சீற்றில் இருந்த இருவரின் முள்ளந்தண்டும் வாங்கிக்கொண்டன. மனைவியிடமிருந்து சத்தமே வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நல்லவேளையாக எலும்பில் வெடிப்பில்லை. எனினும் மூன்று வாரங்கள் படுக்கை. "பாரம் ஏதும் தூக்கினீங்களோ அம்மா?" என்று வைத்தியர் கேட்டார். "தூக்கேல்லை டொக்டர், பாரத்துக்குப் பின்னால இருந்தனான்" என்றார் அவர்.

அந்தப் பதிலுக்கு நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பின்னர் சிரிப்பு நின்றுவிட்டது. கிடங்கில் விழும் வண்டி ஏறியிருப்பவரின் முதுகைக் காப்பாற்றுவதற்காகத்தானே ஷொக் அப்சோபர் என்ற ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள்? அது ஏன் தன் வேலையைச் செய்யவில்லை?

இந்தக் கேள்வியோடு மூன்று கராஜ்களுக்குப் போனேன். முதலாவது கராஜில், "ஐயா, உங்கட உடம்புக்கு உது காணாது, இறுக்கி விடுறன்" என்றார்கள். பின்பக்கத்து ஷொக்கின் அடியிலிருக்கும் ஐந்து படி வளையத்தைச் சாவி போட்டுத் திருப்பிக் கடைசிப் படியில் நிறுத்தினார்கள். இரண்டாவது கராஜில் முன் ஃபோர்க்கைக் கழற்றி, தடித்த ஒயிலை ஊற்றி, ஸ்பிரிங்குக்கு மேல் சிறு குழாய்த் துண்டொன்றையும் இரண்டு வோஷரையும் வைத்து மூடினார்கள். மூன்றாவது கராஜில் இருந்தவர் உண்மையிலேயே அன்பானவர். வண்டியை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "ஐயா, கொஞ்சம் மெலியப் பாருங்கோ" என்றார்.

மூன்று இடங்களிலும் பணம் கொடுத்தேன் (மூன்றாமவர் தேநீர்க் காசுக்கு மேல் வாங்கவில்லை). மூன்று இடங்களிலும் என் எடை என்னவென்று எவரும் கேட்கவில்லை. அளவுநாடாவை எவரும் கையில் எடுக்கவில்லை. என் குற்றச்சாட்டு இதுதான். இனி அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

பாடசாலையில் ஹூக்கின் விதி படித்திருப்போம். ஸ்பிரிங் ஒன்று எவ்வளவு அமுங்கும் என்பது அதன்மேல் ஏற்றும் சுமைக்கு நேர்விகிதசமனாக இருக்கும். சுமையை இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும். ஒரு மில்லிமீற்றர் அமுக்குவதற்கு எத்தனை கிலோ வேண்டும் என்பதே அந்த ஸ்பிரிங்கின் கடினம். கம்பியின் தடிப்பு, சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன. வெளியிலிருந்து எந்த வளையத்தைத் திருப்பினாலும் அது மாறாது.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு வண்டியைக் கற்பனை செய்வோம். அதன் பின்சில்லு மேலும் கீழும் அசையக்கூடிய தூரம் 110 மில்லிமீற்றர். சில்லின் இடத்தில் அளந்தால், பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் இரண்டையும் சேர்த்து ஒரு மில்லிமீற்றர் அமுக்க 2 கிலோ வேண்டும். பூட்டும்போதே 20 மில்லிமீற்றர் முன்கூட்டி அமுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். ஆளில்லாத வண்டியின் எடையில் 60 கிலோவை அந்த ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. ஓட்டுபவரின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்குக்குச் சற்று அதிகமாகப் பின்பக்கம் வருகிறது.

65 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் பின்பக்கத்துக்கு 40 கிலோ சேர்ந்து மொத்தம் 100 கிலோ. ஸ்பிரிங் 50 மில்லிமீற்றர் அமுங்க வேண்டும். 20 ஏற்கெனவே அமுங்கியிருப்பதால் வண்டி 30 மில்லிமீற்றர் இறங்கும். இது மிகச் சரியான அளவு. மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்கி நிற்பதே நல்லது என்பது இத்துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. மீதி 80 மில்லிமீற்றர் கிடங்குகளுக்காகக் காத்திருக்கும். ஷொக் முற்றாக அடித்து நிற்பதற்கு 260 கிலோ வேண்டும். அதாவது அவர் இருக்கும்போதுள்ள சுமையின் 2.6 மடங்கு.

அதே வண்டியில் நான் ஏறுகிறேன். பின்பக்கச் சுமை 125 கிலோ. இறக்கம் 42 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அடித்து நிற்பதற்கு என் சுமையின் 2.1 மடங்கே போதும். என் பின்னால் 60 கிலோ எடையுள்ள மனைவி ஏறுகிறார். பின்னால் இருப்பவரின் எடை ஏறத்தாழ முழுவதும் பின்சில்லுக்கே வரும் என்பதால் சுமை 180 கிலோ ஆகிறது. இறக்கம் 70 மில்லிமீற்றர். மீதி 40. அந்த நாற்பதை வைத்துக்கொண்டு மாரி காலத்தில் எமது வீதிகளில் ஓடுவதென்றால் என்ன நடக்கும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

இப்போது முதலாவது கராஜின் வைத்தியத்தைப் பார்ப்போம். வளையத்தைக் கடைசிப் படிக்குத் திருப்பியதால் முன்கூட்டிய அமுக்கம் 20 இலிருந்து 32 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நான் தனியே ஏறும்போது வண்டி 30 மில்லிமீற்றரே இறங்குகிறது. ஆகா, சரியாகிவிட்டதே என்று தோன்றும். கராஜ்காரரும் அப்படித்தான் நினைக்கிறார். வண்டி நிமிர்ந்து நிற்கிறது, வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போகிறார். ஆனால் ஸ்பிரிங் அதே பழைய 2 கிலோ ஸ்பிரிங்தான். அடித்து நிற்பதற்குத் தேவையான சுமை 284 கிலோவாக உயர்ந்திருக்கிறது, உண்மை. ஆயினும் அது என் சுமையின் 2.3 மடங்குக்கும் குறைவு. 65 கிலோ மனிதருக்குக் கிடைத்த 2.6 எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்றும் நடக்கிறது. நான் இறங்கியதும் வண்டி தன் சொந்த எடையில் ஒரு மில்லிமீற்றர்கூட இறங்காமல் முழுதாக நீண்டு நிற்கிறது. வேகத்தடையின் மேல் ஏறி இறங்கும்போது பின்பக்கம் உதைக்கிறது. வளையம் திருப்பிய மறுநாள் நான் உணர்ந்தது இந்த உதைப்பைத்தான்.

சரியான மருந்து எது? ஒரு மில்லிமீற்றருக்கு 2.5 கிலோ வேண்டிய ஸ்பிரிங். முன்கூட்டிய அமுக்கம் பழைய 20 ஆகவே இருக்கட்டும். 125 கிலோ சுமைக்கு 50 மில்லிமீற்றர். அதில் 20 போக, இறக்கம் 30. அடித்து நிற்பதற்கு 325 கிலோ வேண்டும். 125 இன் 2.6 மடங்கு. 65 கிலோ மனிதருக்குத் தொழிற்சாலை கொடுத்த அதே பாதுகாப்பு எனக்கும் கிடைத்துவிட்டது. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் தவிர வேறெந்தக் கணிதமும் இதில் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கைச் செய்வதற்கு எமது ஊரில் ஆளில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

வளையம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது ஒரு வேலைக்காகவே இருக்கிறது. தனியே போகிறவர் இன்று ஒருவரை ஏற்றிச் செல்கிறார், நாளை மீண்டும் தனியே போவார் என்றால், இன்றைக்கு மட்டும் இரண்டு படி ஏற்றிவிட்டு நாளை இறக்கிக்கொள்வதற்காக அதை வைத்திருக்கிறார்கள். தற்காலிகச் சுமைக்கான தற்காலிக ஏற்பாடு அது. என் எடை தற்காலிகச் சுமையல்ல.

இரண்டாவது கராஜின் ஒயில் வைத்தியம் இதைவிட மோசமானது. ஒயில் எடையைத் தாங்குவதில்லை. அது வேகத்தை மட்டுமே தடுக்கிறது. ஃபோர்க்குக்குள் சிறு துளைகளூடாக ஒயில் ஓடும்போது ஏற்படும் தடைதான் ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. தடித்த ஒயில் ஊற்றினாலும் நிற்கும் வண்டி முன்னர் இறங்கிய அதே அளவுக்கே இறங்கும், சற்று மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். ஆனால் ஓடும்போது கூரான மேடொன்றில் சில்லு திடீரென மேலெழும் கணத்தில், அந்தத் தடித்த ஒயில் சின்னத் துளையூடாக ஓட முடியாமல் திணறும். அதிர்ச்சி நேரே கைப்பிடிக்கு வரும். மணிக்கட்டு நோவோடு ஒரு மாதம் ஓடித் திரிந்தபின் எனக்கு இது விளங்கியது. போதாக்குறைக்கு, போத்தலில் 15 என்றோ 20 என்றோ போட்டிருக்கும் இலக்கம்கூட எல்லா உற்பத்தியாளருக்கும் ஒன்றல்ல. ஒருவரின் 15 இன்னொருவரின் 10 ஐ ஒத்திருக்கலாம். குழாய்த் துண்டும் வோஷரும் செய்வது முன்பக்கத்தில் வளையம் திருப்பும் அதே வேலையைத்தான். உயரம் மீளும், கடினம் மாறாது.

இது வெறும் சொகுசுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்பக்கம் தாழ்ந்த வண்டியின் முன்பக்கம் உயர்கிறது. ஃபோர்க் மேலும் சாய்கிறது. முன்சில்லின்மேல் சுமை குறைகிறது. வளைவில் திருப்பினால் வண்டி பிந்தித்தான் திரும்பும். முகப்பு விளக்கின் ஒளி வீதியில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. மின்விளக்கில்லாத உள்வீதியில் இரவு எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் குருடாக்கும்போது, "டிம் பண்ணத் தெரியாதவன்" என்று நாம் திட்டுகிறோம். அவர் டிம் பண்ணித்தான் இருப்பார். அவருடைய ஸ்பிரிங் தாழ்ந்து போயிருக்கிறது. முன் ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் கதை மறுதலை. அவசரத்துக்குப் பிரேக் பிடித்தால் முன்பக்கம் அடிவரை அமுங்கிவிடும். அதற்குப் பிறகு அங்கே கிடங்கொன்று வந்தால் அதை விழுங்க எதுவும் மீதமிராது. சில்லு நிலத்தை விட்டு எழும். எழுந்த சில்லுக்குப் பிரேக் இல்லை.

இனி மூன்றாமவரின் அன்பான ஆலோசனைக்கு வருகிறேன். மெலிய வேண்டும் என்பது எனக்கும் என் வைத்தியருக்கும் இடையிலான விடயம். முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சப்பாத்துக் கடைக்குப் போய் பதினோராம் இலக்கச் சப்பாத்துக் கேட்டால், "ஐயா, காலைக் கொஞ்சம் சின்னதாக்கப் பாருங்கோ" என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை. தையற்காரர் அளவுநாடாவை எடுக்காமல் சேட்டு வெட்டுவதில்லை. காலுக்கும் தோளுக்கும் கொடுக்கும் மரியாதையை முள்ளந்தண்டுக்கு ஏன் கொடுக்கிறோமில்லை? பருத்த உடம்பைப் பார்த்தவுடன் எமக்குள் ஒரு நீதிபதி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டதால் வண்டியை எவரும் விசாரிப்பதில்லை. 95 கிலோ எடையுள்ள ஆறடி இளைஞன் ஒருவனுக்கும் இதே நிலைதான். அவனிடம் மெலியச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவனுக்கும் தொழிற்சாலை ஸ்பிரிங் காணாது. நாளாந்தம் மீன்பெட்டியோ மரக்கறி மூட்டையோ கட்டி ஓடும் மெலிந்த வியாபாரிக்கும் காணாது. எடை என்பது ஒழுக்கப் பிரச்சினையல்ல. அது ஒரு இலக்கம்.

தொழிற்சாலைகள் அந்த இலக்கத்தை நன்கு அறிந்துதான் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 இலக்க ஒழுங்குவிதி, வண்டியின் எடையைக் கணக்கிடும்போது ஓட்டுநர் ஒருவரை 75 கிலோவாகக் கொள்கிறது. எமது வீதிகளை நிரப்பியிருக்கும் இந்தியத் தயாரிப்பான சிறிய வண்டிகள் பலவற்றின் கையேட்டில் ஏற்றத்தக்க மொத்தச் சுமை 130 கிலோ, அல்லது அதற்குச் சற்று மேல். இரண்டால் பிரித்துப் பாருங்கள். தலைக்கு 65 கிலோ. எல்லோருக்கும் ஒரே ஸ்பிரிங்கைப் பூட்டுவது மலிவு, அதை நான் விளங்கிக்கொள்கிறேன். சராசரி மனிதனுக்காகச் செய்வதும் நியாயமே. ஆனால் சராசரி யார் என்பதை வாங்குபவனிடம் சொல்லாமல் மறைப்பது நியாயமல்ல. நான் புரட்டிப் பார்த்த கையேடுகளில் ரயர் காற்றழுத்தம் இருக்கிறது, பிளக் இடைவெளி இருக்கிறது, செயின் தொய்வு மில்லிமீற்றர் கணக்கில் இருக்கிறது. ஸ்பிரிங்கின் கடினம் ஒன்றிலும் இல்லை. விற்பனை நிலையத்தில் மாதத் தவணை எவ்வளவு, அடையாள அட்டைப் பிரதி எங்கே, பிணைக்கு ஆள் யார் என்று பத்துக் கேள்வி கேட்டார்கள். எடை என்ன என்ற பதினோராவது கேள்வி வரவில்லை.

பெரிய வண்டியாக வாங்கியிருக்கலாமே என்பாரும் உளர். வண்டி கனமாக இருப்பது வேறு, அதன் ஸ்பிரிங் உங்கள் கனத்துக்குப் பொருந்துவது வேறு. 195 கிலோ எடையுள்ள ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 இன் பின்பக்கத்திலும் ஆறு படி வளையம்தான் இருக்கிறது. படி ஒன்று கூடிவிட்டது, தத்துவம் மாறவில்லை.

எமது கராஜ்காரர்களை நான் இழிவுபடுத்தவில்லை. அவர்களின் கைத்திறனால்தான் ஒரு தலைமுறை ஓடியது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்குள் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஹொண்டா எம்.டி. 90 களும் சி. 70 களும் எத்தனை வோஷரில், எத்தனை வெட்டிய ரியூப் துண்டில் உயிர் வாழ்ந்தன என்பதை அந்தக் காலத்தில் இங்கிருந்தவர்கள் அறிவார்கள். இல்லாத காலத்தில் வோஷர் வைப்பது மேதைமை. அதைச் செய்த கைகளை நான் இன்றும் வணங்குகிறேன். ஆனால் கிடைக்கும் காலத்திலும் வோஷரே வைத்துக்கொண்டிருப்பது மேதைமையல்ல, பழக்கம். 2009 இன் பின்னர் லீசிங் நிறுவனங்கள் சந்திக்குச் சந்தி முளைத்து, வீட்டுக்கு வீடு புது வண்டி வந்தது. தடைக்காலத்து வைத்தியம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பிறகு இன்னொரு வரட்சி வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. 2025 ஆம் ஆண்டிலேயே கதவு மீண்டும் திறந்தது. இடையில் 2022 இல் எரிபொருள் நெருக்கடி. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் வாங்கிய காலம். புது வண்டி இல்லாமையால் பழைய வண்டிகளே மேலும் ஐந்தாண்டு உழைத்தன. இயந்திரத்தைப் பார்த்தோம், செயினை மாற்றினோம். ஷொக் அப்சோபர் ஒன்று ஒயில் கசிந்து மட்காட்டில் வழியும்வரை அதற்கும் ஆயுள் உண்டு என்று எவரும் எண்ணவில்லை. சீற்றின் பின்பக்கத்தை ஓங்கி அமுக்கிக் கையை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால், அதனுள்ளே அடக்குவதற்கு ஒன்றும் மீதமில்லை.

வேறு நாடுகளில் இது இரகசியமல்ல. அமெரிக்காவின் ரேஸ் டெக் நிறுவனம் தன் இணையத்தளத்தில் ஓட்டுபவரின் எடையை இட்டால் எந்தக் கடினமுள்ள ஸ்பிரிங் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. இங்கிலாந்தின் ஹேகன் ஷொக்குக்குக் கட்டளை எடுக்கும்போதே எடையைக் கேட்கிறது. 1976 இல் தொடங்கிய சுவீடனின் ஓலின்ஸ் ஓட்டப்பந்தயக்காரருக்கு மட்டுமானது என்று எண்ண வேண்டாம். அதன் வீதி ஷொக்குகளுக்கும் எடைக்கேற்ற ஸ்பிரிங் உண்டு. அங்கு போகிற எல்லோரிடமும் முதற்கேள்வி ஒன்றுதான். எடை எவ்வளவு? பின்னால் ஆள் ஏறுவாரா? பொதி கட்டுவீர்களா? எனக்கான சோடியை இலண்டனிலிருக்கும் மருமகன் மூலம் எடுப்பித்தேன். என் ஐம்பது வருட வண்டியோட்டத்தில் என் எடையைக் கௌரவமாகக் கேட்ட முதல் வியாபாரி, என் முகத்தையே பார்த்திராத ஒருவர்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாமல் ஷொக் முழுவதையும் ஏன் மாற்றினேன் என்று கேட்கலாம். கடினமான ஸ்பிரிங் அமுங்கும்போது அதிக சக்தியைச் சேமித்து, விடுபடும்போது அதிக வேகத்தில் எழும். அதை அடக்கும் உள்ளமைப்பும் அதற்கேற்ப வலுப்பட வேண்டும். தேய்ந்த பழைய ஷொக்கில் புதிய கடின ஸ்பிரிங் பூட்டினால் வண்டி துள்ளும் குதிரையாகிவிடும். முன் ஃபோர்க்குக்கு ஸ்பிரிங் மாத்திரம் மாற்றி, கையேட்டில் சொன்ன அதே ஒயிலை, சொன்ன அளவுக்கே ஊற்றினோம். குழாய்த் துண்டையும் வோஷரையும் மூன்றாமவர் கழற்றிக் கையில் தந்தார். மெலியச் சொன்ன அதே மனிதர்தான். அளவுநாடாவோடு இரண்டு மணித்தியாலம் என்னோடு மினக்கெட்டார். "இப்பிடி ஒரு கணக்கு இருக்கெண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரேல்லை ஐயா" என்றார். அந்த வார்த்தைதான் இதை எழுதத் தூண்டியது.

அந்தக் கணக்கை நீங்களும் செய்யலாம். காசு செலவில்லை. துணைக்கு ஒருவரும் ஒரு அளவுநாடாவும் போதும். வண்டியை நடுத்தாங்கியில் ஏற்றிப் பின்சில்லு நிலத்தைத் தொடாமல் தொங்கும்போது, அச்சாணியிலிருந்து அதற்கு நேர்மேலே சீற்றின் ஓரத்தில் ஒரு புள்ளிவரை அளந்து எழுதுங்கள். அடுத்து, ஆளில்லாமல் இரண்டு சில்லிலும் நிமிர்த்தி நிறுத்தி அதே இடத்தை அளவுங்கள். கடைசியாக, நீங்கள் வழக்கமாக ஓடும் உடையோடு ஏறி, கால்களை மிதியில் வைத்து அமர்ந்து அளப்பியுங்கள். முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவது உங்களோடு சேர்ந்த இறக்கம். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது வண்டியின் தனி இறக்கம். உங்களோடு சேர்ந்த இறக்கம் 30 முதல் 35 மில்லிமீற்றர் அளவில் இருந்து, தனி இறக்கமும் ஐந்து பத்து மில்லிமீற்றர் இருந்தால் உங்கள் ஸ்பிரிங் உங்களுக்குரியது. உங்களோடு சேர்ந்த இறக்கத்தைச் சரியாக்குவதற்காக வளையத்தை இறுக்கி, அதனால் தனி இறக்கம் இல்லாமலே போய்விட்டால், ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை. வளையத்தை விட்டுவிட்டு ஸ்பிரிங்கைத் தேடுங்கள்.

ஒரு நேர்மையான எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றியதால் வண்டியின் மொத்தச் சுமை எல்லை உயர்வதில்லை. சட்டகம், சில்லு, பிரேக், ரயர் யாவும் பழையவைதான். என் வண்டியின் கையேட்டை இந்தச் சம்பவத்தின் பின்னர்தான் முழுதாக வாசித்தேன். 130 கிலோ என்று போட்டிருக்கிறது. நானும் மனைவியும் சேர்ந்தால் 165. அந்தக் கிடங்கில் விழுவதற்கு முன்னரே, ஆண்டுக்கணக்காக, நாங்கள் 35 கிலோ அதிகமாக ஓடியிருக்கிறோம். இரண்டு பேருக்கென்று நீளமான சீற் வைத்த வண்டியை இரண்டு பேராக வந்து வாங்கிய எங்களிடம் அதை ஒருவரும் சொல்லவில்லை. வாசிக்காதது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். இப்போது நான் தனியே மட்டும் ஓடுகிறேன். மனைவி பேருந்தில் வருகிறார். சந்தியில் நான் முந்தி வந்து காத்திருப்பேன். முப்பது வருடம் பின்னால் இருந்து வீதி சொல்லித் தந்தவர் இல்லாமல் ஓடுவது இன்னும் பழகவில்லை.

ஆகவே என் கோரிக்கை மூன்று. விற்பனை முகவர்கள் வண்டியை விற்கும்போது வாங்குபவரின் எடையைக் கேட்கட்டும். மொத்தச் சுமை எல்லையைக் கையேட்டின் ஒரு மூலையில் ஒளிக்காமல் வாயால் சொல்லட்டும். தொழிற்சாலை ஸ்பிரிங்கின் கடினத்தை வெளியிட்டு, அதைவிடக் கடினமான ஒன்றிரண்டு வகையையும் உதிரிப்பாகமாக வைத்திருக்கட்டும். சைலன்சரில் பத்து வகை வைத்திருப்பவர்களுக்கு ஸ்பிரிங்கில் மூன்று வகை வைத்திருப்பது முடியாத காரியமல்ல. மோட்டார் பொறிமுறை கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் சாவியைக் கையில் கொடுக்கும் முன்னர் அளவுநாடாவைக் கொடுக்கட்டும்.

பருத்த உடம்போடு வண்டி ஓடும் என் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கராஜுக்குப் போனால் தலை குனிந்து நிற்காதீர்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே உங்கள் எடையைச் சொல்லுங்கள், உரத்த குரலில். அதைக் கேட்டு ஒருவர் சிரித்தால், அவருக்குத் தன் தொழில் தெரியாது என்று அறிந்துகொண்டு அடுத்த கராஜுக்குப் போங்கள்.